பனி நாடுகளில் இளவேனிலில் பூக்கும் கிழங்குச் செடிகள்

வெங்காயம் பயிரிடாத ஊர் நம் நாட்டில் அரிது. பட்டறையில் அடைத்து வைத்த வெங்காயம், மண்ணும் நீரும் இன்றியே ஒரு நாள் பச்சை முளை விடுவதை யாவரும் கண்டிருக்கிறோம். அந்த முளைக்கு வேண்டிய ஆகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சென்ற போகத்தில் தாள்கள் சேர்த்து வைத்ததே அது என்று எந்தக் குடியானவரும் தயங்காமல் விடை சொல்வார். ஐரோப்பாவிலும், மேற்கு ஆசியாவிலும், காஷ்மீரத்திலும் பனி கரையும் தறுவாயில் மற்ற மரஞ்செடிகள் துளிர்ப்பதற்கு முன்னரே பூத்து நிற்கும் ஸ்னோடிராப், குரோகஸ், டாபொடில், ஹயாசிந்த், டியூலிப் என்னும் பூச்செடிகளின் சாகுபடி முழுவதும் இந்த ஒரு விஷயத்தையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அச்செடிகளைப் பற்றிய மற்ற விதிகளெல்லாம் தாமே விளங்கும். இதை மறந்தவர்கள் எவ்வளவு எருவிட்டாலும் இரண்டாம் ஆண்டில் வெறும் இலையையே காண்பர்.

இந்நாட்களில் ஹாலந்து தேசத்துப் பூவயல்களின் படங்களைக் காணாதவர் இல்லை. அவற்றைக் கண்டு ஆசைப்பட்டு, இக்கிழங்குகளை விலைக்கு வாங்கித் தொட்டியிலோ தோட்டத்திலோ நட்டுப் பார்க்கும் கனவான்களும் நம்மிடையே உண்டு. ஆகவே அவை எவ்வகைப்பட்டவை, எங்கே, எவ்வாறு பயிராகின்றன என்பதை விவரமாகத் தெரிந்துகொள்வது பணவிரயத்தைத் தடுக்கும். நம் வெங்காயப் பயிரைப் பற்றியும் சிறிது வெளிச்சம் தரும்.

டாபொடில் கிழங்கு ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், பார்வைக்கு அது பெரிய வெங்காயம் போன்றே இருக்கும். அடியில் கெட்டியான தட்டு; அத்தட்டின் கீழ்ப்புறத்திலிருந்து வேர்கள் இறங்கும். தட்டின் மேல், சதைப்பற்றுள்ள வெண்ணிறத் தோடுகள் ஒன்றையொன்று மூடி அடுக்கப்பட்டிருக்கும். இத்தோடுகளே உணவுக் களஞ்சியம். நடுவில் உறங்குவது குருத்து. ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தில் ஒரு கிழங்கை இவ்விதம் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், அடுத்த மார்ச்சு மாதத்தில் மலர வேண்டிய பூ, அதன் இதழும் மகரந்தத் தண்டும் உட்பட, சிறு உருவில் ஏற்கெனவே அமைந்திருப்பதைக் காணலாம். டாபொடிலில் இப்பூ, பழைய இலைகள் வாடும் காலத்திலேயே மண்ணுக்குள் உருவாகத் தொடங்குகிறது. டியூலிப்பிலோ கிழங்கைத் தோண்டி எடுத்துக் கிடங்கில் வைத்த பிறகு, கோடையில் உருவாகிறது. எவ்வாறாயினும், இலையுதிர் காலத்தில் கடையில் கிழங்கு வாங்குகிறவர் உள்ளே பூவுடன் கூடிய கிழங்கையே வாங்குகிறார். நட்ட முதலாண்டில் எப்படிப்பட்ட தோட்டக்காரனுக்கும் அது பூப்பது அதனால்தான். அந்தப் பூ விற்றவன் நிலத்துப் பயிர்; இரண்டாம் ஆண்டுப் பூ ஒன்றே வாங்கினவனுடைய திறமைக்குச் சாட்சி.

குரோகஸ் மட்டும் சற்று வேறு. அதன் கிழங்கில் தோடுகள் இல்லை. சேப்பங்கிழங்கைப் போல் உள்முழுவதும் திண்ணிய சதையே. காஷ்மீரத்தில் பாம்பூர்ப் பகுதியில் பயிராகும் குங்குமப்பூவும் இந்தக் குரோகஸ் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது வசந்தத்தில் அன்றி அக்டோபர், நவம்பர் மாதங்களில் பூப்பது.

இச்செடிகளின் பிறப்பிடத்தை அறிந்தால் இவற்றின் குணம் புலப்படும். டியூலிப்பின் சுற்றத்தார் மத்திய ஆசியாவின் மலைச் சரிவுகளில் இன்றும் காட்டுச் செடிகளாக வளர்கின்றனர். டாபொடிலின் உறவினர் பலர் ஸ்பெயின், போர்த்துகல் நாட்டு மலைகளுக்கு உரியவர். இவ்விடங்களில் மாரிக்காலம் கடுங்குளிர். பனி கரைந்தவுடன் சில வாரங்களுக்கு ஈரமும் இளவெயிலும். அதன் பின்னர் நெடுங்கோடை, வறட்சி. கிடைத்த சில வாரங்களுக்குள் இலைவிட்டு, பூத்து, காய்த்து, மறு ஆண்டுக்கு வேண்டியதைச் சேமித்துக்கொண்டு மண்ணுக்குள் மறைந்துவிடும் செடிகளே அங்கே பிழைத்தன. ஆகையால் இவை குளிரைத் தாங்கும் செடிகள் என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. கோடை வறட்சியில் உறங்குவதற்காகவே கிழங்கு ஏற்பட்டது. குளிர், அவ்வுறக்கத்திலிருந்து பூவை எழுப்பும் காலக் கணக்கு.

இக்கணக்கு தவறினால் பூ இல்லை. டியூலிப், டாபொடில், ஹயாசிந்த் ஆகிய மூன்றுக்கும், உள்ளே பூ உருவான பின்னர், உத்தேசமாக 12 முதல் 16 வாரங்கள் வரை சுமார் 9 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ்ப்பட்ட குளிர் வேண்டும். அக்குளிரில் கிழங்கிலுள்ள மாப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. பூந்தண்டு நீள்வதற்குரிய சக்தியும் அப்போதே உண்டாகிறது. போதிய குளிர் பெறாத கிழங்கு இலையை மட்டும் நீட்டும். மொக்கு இலைகளுக்கிடையே குட்டையாக நின்று, விரியாமலே காய்ந்துபோம். நம் சமவெளிகளில் மார்கழி, தை மாதத்து இரவுகள் கூட இக்குளிரைத் தருவதில்லை. எனவே இங்கே மண்ணில் நட்டு ஆண்டுதோறும் பூவை எதிர்பார்ப்பது வீண்.

இனி அவை உரிய நாடுகளில் பயிராகும் முறையைச் சொல்வோம். முதலாவது நிலம். நீர் தேங்கும் களிமண்ணில் கிழங்கு அழுகும். ஹாலந்தில் ஹார்லெம் நகருக்கும் லெய்டன் நகருக்கும் இடையே, கடற்கரை மணல்மேடுகளுக்கு உட்புறமாக உள்ள நிலப்பரப்பு இச்சாகுபடிக்குப் பெயர் போனது. அங்கிருந்த பழைய மணல்மேடுகளை வெட்டி எடுத்து, நகரங்களில் கட்டடம் கட்ட விற்றுவிட்டு, தரையை நீர்மட்டத்துக்கு அணித்தாகச் சமன்செய்து வயலாக்கினார்கள். வயல்களைச் சுற்றிலும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றின் நீரை இறைத்தும் விட்டும், நிலத்தடி நீரை மேற்பரப்பிலிருந்து 55 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்திலேயே, அதாவது ஏறக்குறைய 2 அடியில், ஆண்டு முழுவதும் நிறுத்தி வைக்கிறார்கள். கிழங்கு உலர்ந்த மணலில் கிடக்கிறது. வேர் நுனிக்கு எப்போதும் ஈரம் கிடைக்கிறது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் அறிந்த நமக்கு, மேலிருந்து பாய்ச்சாமல் அடியிலிருந்து நீரை அளந்து கொடுக்கும் இம்முறை வியப்பாகவே இருக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் நடுகிறவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டுவதில்லை. மேட்டுப் பாத்தி, மணல் கலந்த மண், நன்கு மக்கிய எரு, இவை போதும். பச்சைச் சாணம் கிழங்கில் படலாகாது; அது அழுகலுக்கு அழைப்பு. கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு அல்லது மூன்று பங்கு ஆழத்தில், கூர்நுனி மேலே இருக்குமாறு நடவேண்டும். டாபொடிலுக்கு 6 அங்குலமும், டியூலிப்புக்கு 6 முதல் 8 அங்குலமும், குரோகஸுக்கு 3 அங்குலமும் ஏற்ற ஆழம். ஆழம் குறைந்தால் கிழங்கு சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து பூக்கும் பருமனை இழக்கும். டாபொடிலைச் செப்டம்பரிலேயே நடுவது நலம். அதன் வேர் விரைவில் இறங்கும். டியூலிப்பை மாத்திரம் நவம்பர் வரையில் தாமதித்து நடுகிறார்கள். அதற்குக் காரணம் பின்னே வரும் நோய்ப் பகுதியில் விளங்கும்.

பூக்கும் காலத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் ஸ்னோடிராப் ஜனவரி, பிப்ரவரியிலும், குரோகஸ் பிப்ரவரி, மார்ச்சிலும், டாபொடில் பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரலிலும், டியூலிப் ஏப்ரல், மே மாதங்களிலும் பூக்கும். பார்க்கிறவர்களுக்கு அதுவே திருவிழா. சாகுபடி செய்கிறவனுக்கோ உண்மையான வேலை பூ உதிர்ந்த பிறகே ஆரம்பம்.

பூ வாடிய பின் நிற்கும் பச்சை இலை கண்ணுக்கு இனியதன்று. நாளடைவில் அது மஞ்சளித்துத் துவண்டு பாத்தியில் படுத்துவிடும். தோட்டம் சுத்தமாக இருக்கவேண்டுமென்று விரும்புவோர், பூ முடிந்ததும் இலையை அறுத்துவிடுகிறார்கள். அறுக்க மனமில்லாதவர்கள் அதை மடித்து முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. பூக்கும்போது கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து மெலிந்து கிடக்கிறது. அதை மீண்டும் நிரப்புவதற்கு அதற்குள்ள சாதனம் அந்த இலை ஒன்றே. வெயில் படும் பச்சை இலை சர்க்கரையைச் செய்து கீழே அனுப்ப, தோடுகள் பருக்கின்றன; அப்பருமனைப் பொறுத்தே டாபொடில் அடுத்த பூவை உள்ளே அமைக்கிறது. ஆகையால் பூ உதிர்ந்த பின் 6 வாரங்களாவது இலையைத் தொடலாகாது. தானாகப் பழுத்துக் காய்ந்து, இழுத்தால் எளிதில் கையோடு வரும் நிலை வரையில் விடுவது உத்தமம். புல்தரையில் டாபொடிலை நட்டவர்கள் அதுவரையில் புல்லையும் வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். அப்பொறுமை இல்லாதவர் புல்தரையில் நடாமலிருப்பதே மேல். இலை நிற்கும்போது மழை இல்லையேல் நீர் விடவேண்டும். சாம்பல் சத்து மிகுந்த எரு இடுவதும் இக்காலத்திலேதான் பயன்படும். நம் வெங்காயத்திலும், தாள் பச்சையாக இருக்கும்போதே அவசரப்பட்டுப் பிடுங்கினால் கிழங்கு சிறுத்து, பட்டறையில் தங்காமல் போவதை நினைத்துக்கொள்க.

இலையைக் காக்கவேண்டும், ஆனால் காயைக் காக்கலாகாது. வாடிய பூவை அடியிலுள்ள பிஞ்சோடு கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் விதை பிடித்துக் கிழங்குக்கு வரவேண்டிய ஆகாரத்தைக் கவர்ந்துகொள்ளும். கிழங்கு வியாபாரத்துக்காகப் பயிரிடும் டச்சுக்காரர்கள் இதில் கடுமையானவர்கள். டியூலிப் வயல் முழுவதும் மலர்ந்து, கலப்புச் செடிகளையும் நோயுற்ற செடிகளையும் பார்த்துக் களைந்தான உடனே, பூத்தலைகளை எல்லாம் இயந்திரத்தால் கொய்துவிடுகிறார்கள். படத்தில் நாம் காணும் அந்த வண்ணப் பரப்பு அவர்களுக்கு விளைச்சல் அன்று. விளைச்சல் மண்ணுக்குள் இருக்கிறது.

சில ஆண்டுகள் நன்றாகப் பூத்த டாபொடில் கொத்து, பின்னர் அடர்ந்த இலையை மட்டும் காட்டிப் பூவாமல் நிற்பதுண்டு. தாய்க்கிழங்கின் பக்கங்களில் குட்டிகள் பெருகி, இடமும் ஆகாரமும் போதாமல் நெருக்குண்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இலை காய்ந்ததும் கொத்தைத் தோண்டி, எளிதாகக் கழலும் குட்டிகளைப் பிரித்து, வேறிடத்தில் எட்ட எட்ட நட்டால் ஓரிரண்டு ஆண்டுகளில் மீண்டும் பூக்கும். டியூலிப்பின் வழி வேறு. அதில் தாய்க்கிழங்கு பூத்த அந்த ஆண்டிலேயே அழிந்துபோகிறது. அதன் இடத்தில் புதிய கிழங்கு ஒன்றும், சிறு குட்டிகள் சிலவும் உண்டாகின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் இலை மஞ்சளித்ததும் அவற்றை எடுத்து, மண் உதிர்த்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, சுற்றளவால் தரம் பிரிக்கிறார்கள். 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் சுற்றளவுள்ளவை முதல்தரம். 10க்குக் குறைந்தவற்றைப் பொதுவாக விற்பதில்லை, மறு நடவுக்கு விதைக் கிழங்காக வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுத் தோட்டத்து டியூலிப் ஆண்டுக்கு ஆண்டு பூ குறைந்து மறைவதற்குக் காரணம், புதுக்கிழங்கு அந்தப் பருமனை எட்டாமற் போவதே.

ஸ்னோடிராப் இவ்விதிக்கு ஒரு விலக்கு. அதன் சிறு கிழங்கு உலர்ந்தால் உயிர் குன்றும். ஆகவே பூ முடிந்து, இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே, நாற்றுப் போல வேரோடு பெயர்த்து உடனே நடுவது அந்நாட்டு வழக்கம்.

இப்பயிருக்கு வரும் நோய்களில் டாபொடிலைத் தாக்கும் நூற்புழுவே மிகக் கொடியது. கண்ணுக்குப் புலனாகாத இப்புழு இலையில் ஏறினால், மஞ்சள் நிறத் தடிப்புகள் தோன்றும். அவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இலையை விரல்களுக்கிடையே வைத்து உருவினால் தட்டுப்படும். கிழங்கைக் குறுக்கே அறுத்தால் தோடுகளில் பழுப்பு வளையங்கள் காணும். உலர்ந்த நிலையில் இப்புழு பல ஆண்டுகள் சாகாமல் கிடக்க வல்லது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டாபொடில் சாகுபடியே ஒழிந்துவிடுமோ என்று அஞ்சும்படி இது பரவியது. மருந்துகள் பலிக்கவில்லை. ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் ஜேம்ஸ் கிர்க்காம் ராம்ஸ்பாட்டம் என்பவர் 1916 இல் ஆராய்ச்சி தொடங்கி, உறங்கும் கிழங்குகளை 110 டிகிரி பாரன்ஹீட் வெப்பமுள்ள நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் புழு செத்துக் கிழங்கு பிழைக்கிறது என்று கண்டார். புழு சாகும் சூட்டுக்கும் கிழங்கு வேகும் சூட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில டிகிரிகளே. அந்தக் குறுகிய சந்தில் ஒரு தொழிலே தப்பிப் பிழைத்தது. இன்றும் சுமார் 44 டிகிரி சென்டிகிரேடில் 3 மணி நேரம் ஊறவைப்பது அங்குள்ள பெரும் பண்ணைகளின் வழக்கம். காலம் தவறிச் செய்தால் உள்ளிருக்கும் பூ பழுதுபடும். ஆகையால் கோடையில், பூ உருவாகி முடிந்த சமயம் பார்த்துச் செய்கிறார்கள். கரும்புக் கரணையை வெந்நீரில் நேர்த்தி செய்வதைக் கண்டவர்களுக்கு இதன் கருத்து உடனே புலப்படும்.

டாபொடிலுக்கு மற்றொரு பகை ஒருவகை ஈ. அது மே, ஜூன் மாதங்களில் வாடும் இலையின் அடியில் முட்டையிடும். ஒரு கிழங்குக்கு ஒரு புழுவே உட்புகுந்து நடுக்குருத்தைத் தின்றுவிடும். இலை காய்ந்து சுருங்கும்போது மண்ணில் உண்டாகும் துளைகளைக் கொத்தி மூடிவிட்டால் ஈ இறங்கும் வழி அடைபடும். அடித்தட்டு மெத்தென்று அழுகத் தொடங்கிய கிழங்குகளை விதைக்கு வைக்காமல் எரித்துவிட வேண்டும்.

டியூலிப்பில், இலைகள் நெருப்புப் பட்டாற்போல் கருகிச் சுருண்டு, சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்வதுண்டு. இந்நோய் குளிர் மிகுந்த மண்ணில் எளிதில் பரவாது. ஆகையாலேதான் நவம்பர் நடவு. நோய் கண்ட பாத்தியில் 3 ஆண்டுகளுக்கேனும் மறுபடி டியூலிப் நடலாகாது. இன்னொன்று, ஒரே நிறப் பூவில் தீச்சுடர் போன்ற கோடுகள் தோன்றும் வைரஸ் நோய். 1637 பிப்ரவரியில் ஹாலந்தில் டியூலிப் வியாபாரச் சூதாட்டம் சரிந்து விழுவதற்கு முன்பு, மிகுந்த விலைக்குப் போனவை இக்கோடுகள் விழுந்த கிழங்குகளே. அக்கோடுகள் நோயின் அடையாளம் என்பதையும், அது கிழங்கிலிருந்து கிழங்குக்குத் தொற்றும் என்பதையும் 1928 இல் டோரதி கெய்லி என்னும் ஆங்கில அம்மையார் நிரூபித்தார். அசுவினிப் பூச்சியே அதைப் பரப்புகிறது. செல்வந்தர் வீடு விலை கொடுத்து வாங்கியது நோயுற்றுத் தேய்ந்துகொண்டிருந்த கிழங்கை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் தென்மேற்கே கடலில் உள்ள சில்லித் தீவுகளில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே குளிரை அதிகம் நாடாத ஒருவகை நறுமண நார்சிசஸ் பயிராகிறது. கோடையில் பாத்திகளின் மேல் வைக்கோலைப் பரப்பி எரித்து, புகையூட்டி, பூவைச் சில வாரங்கள் முன்னதாகவே வரச்செய்து, பிற இடங்களில் பூ இல்லாத காலத்தில் சந்தைக்கு அனுப்புகிறார்கள். புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே காரணம். நாம் வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்கவைப்பதும் அதே வாயுவினாலேயே.

நம் தேசத்தில் இக்கிழங்குகளுக்கு உகந்த சீதோஷ்ணம் இமயத்தின் பள்ளத்தாக்குகளில் உண்டு. ஸ்ரீநகரில் தால் ஏரியை நோக்கிய சபர்வான் மலையடிவாரத்தில் 2007 இல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டம் ஏறக்குறைய 74 ஏக்கர் பரப்புள்ளது. மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் பூக்கும். அதற்கு வேண்டிய கிழங்குகள் ஹாலந்திலிருந்தே வரவழைக்கப்பட்டு வந்திருக்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் உள்ளவர்கள் ஆசைக்காகப் பூக்கவைக்க விரும்பினால், குளிர்க் கிடங்கில் உரிய வாரங்கள் வைத்துக் குளிரூட்டிய கிழங்கு என்று விற்பவர் உறுதி கூறுவதை மட்டுமே வாங்கி, குளிர்ந்த மாதத்தில் நிழலான இடத்தில் தொட்டியில் நடலாம். ஒருமுறை பூக்கும், அதன் பின் அதை எறிந்துவிட வேண்டியதே. எருவும் நீரும் விட்டு அடுத்த ஆண்டை எதிர்பார்க்க வேண்டா. கிழங்கிலிருந்து ஆண்டு முழுவதும் பூவும் வருமானமும் வேண்டுவோருக்கு நிலச்சம்பங்கி இருக்கிறது. அதற்குக் குளிர் தேவையில்லை.

வாங்கிய டாபொடில் கிழங்குகளை வீட்டில் வைப்பதில் ஓர் எச்சரிக்கை. 1944-45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ஹாலந்து மக்கள் டியூலிப் கிழங்கின் நடுக்குருத்தை நீக்கி வேகவைத்தும் மாவாக்கியும் தின்று உயிர் காத்ததுண்டு. டாபொடிலோ நஞ்சு, கால்நடையும் எலியும் கூட அதைத் தீண்டுவதில்லை. அதன் பூவைப் பறிப்போருக்குச் சாறு பட்டுக் கையில் சொறி உண்டாகும். அந்நஞ்சினத்தைச் சேர்ந்த ஒரு சத்தை எடுத்து, முதுமையில் நினைவு குன்றும் நோய்க்கு மருந்து செய்வதற்காக வேல்ஸ் நாட்டு மலைகளில் இன்று டாபொடில் பயிரிடுகிறார்கள். தோற்றத்தில் வெங்காயத்தை ஒத்திருப்பதால் சமையலறைக் கூடையில் தவறிக் கலந்துவிடுவது எளிது. ஆதலால் பெயர்ச் சீட்டுக் கட்டி, வேறு பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.